‘வ’ தீர்ந்தால் ‘ம’

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் எங்கள் அச்சகத்தில் முதலில் தீர்ந்துபோவது காகிதமும் இல்லை, மையும் இல்லை, ‘வ’ எழுத்துதான். ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாலேயே வாழ்த்துமடலும் வந்துவிடும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அடித்து, மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாழ்க, வளர்க, வருக, வையகம், வானம், வள்ளுவம், வாழையடி வாழை என்று அதில் ‘வ’ இல்லாமல் ஒரு வரி நகராது. ஈய எழுத்தோ அளவாகத்தான் இருக்கும். ஒரு வேலைக்குக் கோத்த எழுத்தை, அச்சடித்து முடித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிரித்து அதனதன் அறையில் போட்டால்தான் அடுத்த வேலைக்கு ஆகும். ஒரே நாளில் மூன்று வாழ்த்துமடல் சேர்ந்துவிட்டால் ‘வ’ அறையில் விரல் மரத்தைத் தொட்டுவிடும்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சகம். எண்பதுகளின் தொடக்கம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா திரிந்த என்னை, ‘கையில ஒரு தொழில் இருக்கட்டும்’ என்று அப்பா கொண்டுபோய் விட்டார். லீவு முடிந்த பிறகும் சாயங்காலங்களில் போய்க்கொண்டிருந்தேன். காலால் மிதிக்கிற டிரெடில் ஒன்று. சுவரோரம் சாய்த்து நிறுத்திய மரக் கேஸ்கள், அவற்றில் எழுத்துக்கு ஓர் அறை. இடது கையில் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் எழுத்தைப் பொறுக்கித் தலைகீழாக அடுக்க வேண்டும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு 1978-லேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’யைத்தான் நாங்கள் கோத்துக்கொண்டிருந்தோம். புது எழுத்து வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை.

வாசல் ஓரத்து பெஞ்சில் புலவர் ஐயா உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புரூஃப் பார்ப்பதும், கேட்டு வருகிறவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. சம்பளம் என்று எதுவும் பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. டீ தவறாமல் வரும். பாட்டு வாங்கிப் போகிறவர்கள் கொடுப்பதை வாங்கி எண்ணாமல் பையில் வைத்துக்கொள்வார்.

ஒரு தை மாதத்தில் ‘வ’ தீர்ந்துபோனது. கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் அண்ணன், “ஐயா, ‘வ’ காலி. இன்னும் நாலு வரி பாக்கி கெடக்கு” என்றார். புலவர் ஐயா பேனாவை எடுத்தார். ஏற்கெனவே எழுதியிருந்த வரியில் பாதியை அடித்துவிட்டு, ‘வாழை நின்று வாசல் காக்க, மாலை கொண்டு மண்டபம் பூக்க’ என்று மாற்றிக் கொடுத்தார். முன்பாதியில் ‘வா’, பின்பாதியில் ‘மா’.

“எழுத்து மாறுனா மோனை போயிருமே, ஐயா” என்றேன். பரீட்சை எழுதிய சூடு ஆறாத காலம்.

“போகாது தம்பி. ‘வ’வுக்கு ‘ம’ சொந்தக்காரன். ‘ச’வுக்கு ‘த’, ‘ஞ’வுக்கு ‘ந’. ஒருத்தன் வீட்டுல இல்லேன்னா இன்னொருத்தன் வந்து நிப்பான்” என்றார்.

யாப்பிலக்கணத்தில் இதற்கு இன மோனை என்று பெயர். முதலெழுத்தாக அதே எழுத்துதான் வர வேண்டும் என்று மோனை அடம்பிடிப்பதில்லை. உயிரெழுத்துகளில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யில் அவர் சொன்ன மூன்று ஜோடிகள். மெய் இனமாக இருந்தால் போதாது, ஏறியிருக்கும் உயிரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். ‘வா’வுக்கு ‘மா’ வரலாம், ‘மி’ வரக்கூடாது. வகுப்பில் இதைப் பட்டியலாகத்தான் படித்திருந்தேன். காலியான அறைக்கு முன்னால் நின்றபோதுதான் அந்தப் பட்டியல் காதுக்காகச் செய்தது என்று விளங்கியது. ‘வ’வும் ‘ம’வும் இரண்டுமே உதட்டு வேலை. கேட்கிறவன் காது ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஏற்றுக்கொள்கிறது; அதைக் கவனித்த யாரோ சூத்திரமாக எழுதிவைத்துவிட்டார்கள்.

எதுகை எங்களுக்குப் பெரிய தொல்லை தந்ததில்லை. இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும், முதலெழுத்து நெடிலென்றால் நெடில், குறிலென்றால் குறில். வாழைக்குத் தாழை, மாலைக்குச் சாலை. அதற்காக எந்த அறையும் காலியாகவில்லை.

எங்கள் பள்ளியில் அணி இலக்கணம் ஐந்து மதிப்பெண். அணியின் விளக்கம், எடுத்துக்காட்டு, பொருத்தம் என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதினால் முழுதும் கிடைக்கும். எடுத்துக்காட்டுச் செய்யுளில் ஒற்றுப்பிழை இருந்தால் அரை போகும். அந்த மூன்று தலைப்பில் எதிலும், இந்த ஆள் ஏன் இதை நேராகச் சொல்லாமல் இப்படிச் சொன்னான் என்ற கேள்விக்கு இடமில்லை. அச்சகத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு நாளும் போகவில்லை.

அஞ்சலிச் சுவரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈய எழுத்து போதாது, மர எழுத்து. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தலைப்பு ஒரே வரியில் அடங்க வேண்டும். ‘ஆலமரம் போன்ற எங்கள் அப்பா’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். வைத்துப் பார்த்தால் ‘அப்பா’வுக்கு இடமில்லை. புலவர் ஐயா எட்டிப் பார்த்தார். “‘போன்ற’வைத் தூக்கு. ‘சாய்ந்தது ஆலமரம்’னு போடு” என்றார். வரி அடங்கியது. வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘போன்ற’ இருந்தவரைக்கும் அவர் தாளில் எழுதிய ஒரு வாசகமாகத்தான் அது இருந்தது.

உவமையில் இரண்டு பொருள் தனித்தனியாக நிற்கும், நடுவில் ‘போல’ என்று ஓர் ஆள் நின்று இருவரையும் அறிமுகம் செய்து வைப்பான். அவனை வெளியே அனுப்பினால் உவமைத்தொகை: மலர்முகம். வரிசையைத் திருப்பிப் போட்டால் உருவகம்: முகமலர். எழுத்து அதே எழுத்துதான், ஆனால் முதலாவதில் மலர் மாதிரி ஒரு முகம் இருக்கிறது. இரண்டாவதில் முகம்தான் மலர், வேறு மலர் கிடையாது. இலக்கண நூல்களில் இந்த வேறுபாட்டைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் குழம்பிப் போவார்கள். ஸ்டிக்கில் இரண்டையும் கோத்துப் பார்த்தவனுக்குக் குழப்பம் வராது. ‘முகம்’ என்பதன் ‘ம்’ எங்கே போனது என்று அவன் கேட்பான், அவ்வளவுதான்.

அந்த ஆலமரச் சுவரொட்டி ஒட்டிய மறுநாள் ஓர் ஆள் வந்து சிரித்தார். “செத்தவரு முருங்கைக்குச்சி மாதிரி இருப்பாரு. அவரைப் போய் ஆலமரம்னு அடிச்சிருக்கீங்களே.” புலவர் ஐயா கோபப்படவில்லை. தொல்காப்பியர் உவமையை நாலு வகையாகச் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தார். வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போன்ற கை என்றால் பயன். துடி இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவள வாய் என்றால் உரு, அதாவது நிறம். “நீங்க மெய்யைப் பாத்துட்டுச் சிரிக்கிறீங்க. அந்தப் பையன் பயனைச் சொல்லியிருக்கான். அந்தக் குச்சி நெழல்ல அஞ்சு புள்ளைங்க வளந்திருக்கு.” வந்தவர் டீயை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மற்ற அணிகளுக்கென்று அப்படித் தனி இயல் கிடையாது. பதினொன்றாம் நூற்றாண்டில் வீரசோழியம் அலங்காரத்தை ஐந்தாம் இலக்கணமாகச் சேர்த்தது. அடுத்து வந்த தண்டியலங்காரம், வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி, பொருளணி மட்டும் முப்பத்தைந்து என்று வகுத்தது. அவற்றுக்குள்ளே உவமைக்கும் உருவகத்துக்கும் உட்பிரிவுகள் வேறு. முப்பத்தைந்தும் சமமான சரக்கு என்று நான் நினைக்கவில்லை. சிலது பெயர் வைக்க வேண்டுமே என்று வைத்தது. ஆனால் எதைத் தள்ளலாம் என்று அவசரப்பட்டுச் சொல்லவும் பயம். நிரல்நிறையை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் சில பொருள்களை வரிசையாகச் சொல்லி, பிறகு அவற்றுக்கு உரியதை அதே வரிசையில் சொல்வது. இதில் என்ன அழகு? அப்போதுதான் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே மேடையில் கல்யாணம் என்று ஒரு பத்திரிகை வந்தது. மணமகள்கள் இருவர் பெயர் மேலே, மணமகன்கள் இருவர் பெயர் கீழே. எழுதிக்கொடுத்த பெரியப்பா கீழ் வரிசையை மாற்றி எழுதியிருந்தார். புலவர் ஐயா புரூஃபில் சந்தேகப்பட்டுக் கேட்டு ஆள் அனுப்பியிராவிட்டால், ஐந்நூறு பத்திரிகையில் அக்காள் மாப்பிள்ளை தங்கைக்குப் போயிருப்பார்.

சாவுச் செய்திக்குத் திரும்புகிறேன்; அங்கேதான் நான் அதிகம் கற்றேன். இறந்தார் என்று யாரும் எழுதி வருவதில்லை. சைவ வீடென்றால் சிவலோக பதவி அடைந்தார். வைணவ வீடென்றால் வைகுண்ட பதவி. பொதுவாக இறைவனடி சேர்ந்தார். கிறிஸ்தவ வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முஸ்லிம் வீட்டில் வஃபாத் ஆனார்கள். பகுத்தறிவு இயக்கத்தவர் வீட்டில் இயற்கை எய்தினார். நன்னூல் இதைத் தகுதி வழக்கில் மங்கலம் என்ற தலைப்பில் வைக்கிறது. சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல், ஒரு கூட்டத்தார் தமக்குள் பேசுவது குழூஉக்குறி, மங்கலமற்றதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். விளக்கை அணைக்காமல் அமர்த்துகிறோமே, அதுவும் இதில் சேர்த்தி. கம்பாசிட்டர் அண்ணன் ஆளைப் பார்த்தே ஸ்டிக்கில் வினைச்சொல்லை அடுக்க ஆரம்பித்துவிடுவார். நெற்றியைப் பார்ப்பார், துண்டின் கரையைப் பார்ப்பார்.

ஒருநாள் அந்தக் கணக்கு உதவவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் நெற்றி நிறைய விபூதி, தம்பி தோளில் கறுப்புத் துண்டு. அப்பா வாலிபத்தில் இயக்கத்தில் இருந்தவர், வயதான பிறகு அம்மாவோடு கோயிலுக்குப் போனவர். ‘சிவலோக பதவி’ என்கிறார் அண்ணன். ‘இயற்கை எய்தினார்னு போடு, இல்லேன்னா எம்பேரை எடுத்துரு’ என்கிறார் தம்பி. கருமாதிப் பத்திரிகை, நாள் நெருங்கிவிட்டது. குரல் தெருவுக்குக் கேட்டது. முதலாளி உள்ளே போய்விட்டார். புலவர் ஐயா இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் அவர்கள் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவரை இவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு, ‘காலமானார்’ என்று தாளில் எழுதி நீட்டினார். அதில் சிவனும் இல்லை, இயற்கையும் இல்லை. இரண்டு பேரும் படித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் முன்பணம் எடுத்துக் கொடுத்தார். தம்பி பெயர் கீழே இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு பண்டிதை இருந்தார், அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவிடம் நேரடியாக அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. முற்றத்தில் மேய்கிற கோழியைப் பார்த்துத்தான் பேசுவார். “ஏ கோழி, கொட்டுனதெல்லாம் நெல்லுன்னு இருக்கியே, சிந்துனதைப் பொறுக்க ஒனக்கு எப்பத்தான் குனியத் தெரியும்?” அடுக்களையில் பாத்திரம் ணங்கென்று விழும். “என்ன அத்தை, யாரைச் சொல்றீங்க?” என்று அம்மா வந்தால், “நான் கோழியைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்” என்பார். அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது மாட்டிடம் பதில் சொல்லுவார். ஊரில் இதற்குச் சாடை பேசுவது என்று பேர். புத்தகத்தில் பிறிது மொழிதல். தண்டியலங்காரம் ஒட்டு என்கிறது. சொல்ல வந்ததை வாயில் எடுக்காமல், அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிலிறகு வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லும் இடம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அது மயிலிறகு வியாபாரிக்குச் சொன்னதில்லை. பகைவரை எண்ணாமல் படையெடுக்கிற அரசனுக்குச் சொன்னது. ஆனால் அரசன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எவனுக்குத் துணிவு? வண்டியைப் பற்றிப் பேசலாம். வண்டிக்காரனுக்கு ரோஷம் வராது.

புலவர் ஐயாவிடம் அப்பத்தாவின் கோழிக் கதையைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். “சாடை பேசுறவுங்களுக்கு ஒரு வசதி இருக்கு தம்பி, எப்ப வேணும்னாலும் கையை விரிச்சுக்கலாம். ஆனா அது பெரியவுங்களுக்கு மட்டும் உள்ள வசதி இல்லை. உங்கம்மா மாட்டைப் புடிச்சாங்க பாரு, அதுதான் சங்கதி. நேராச் சொல்ல முடியாதவன்தான் அணியைத் தேடுவான். முடிஞ்சவனுக்கு அது எதுக்கு?”

இதை நான் அப்போது முழுதாக ஒப்புக்கொண்டேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான். இடம் போதாதவன், கூச்சப்படுகிறவன், பயப்படுகிறவன், பாசம் தொண்டையை அடைக்கிறவன் இவர்கள்தான் எங்கள் அச்சகத்தில் அணியோடு வந்தார்கள். அலங்காரத்துக்காக அலங்காரம் கேட்டு வந்தவர்கள் என்றால் கட்சிக்காரர்கள்தான். அடுக்குமொழியில் அண்ணா மேடையைக் கட்டியாண்ட காலம் முடிந்து வெகுநாளாகியும், ஒவ்வொரு வார்டிலும் ஒரு பேச்சாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அலைந்தார். அவர்கள் நோட்டீஸ் வந்தால் ‘க’ அறையும் காலி.

ஒரு மழைக்காலத்தில் ஒரு தெருக்காரர்கள் வந்தார்கள். மூன்று வருடமாகத் தெருவில் பள்ளம், தண்ணீர், கொசு. மனு எழுதி ஓய்ந்துவிட்டார்கள். சுவரொட்டி அடிக்க வேண்டும், ஆனால் அந்தப் பகுதிப் பிரமுகரைத் திட்டினால் வம்பு. முதலாளிக்கு அதைவிடப் பயம். அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் வருடத்து அச்சகச் சட்டப்படி எந்தத் தாளிலும் அடித்தவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்தது. எழுதியவன் ஓடிவிடலாம், அச்சகம் ஓட முடியாது. புலவர் ஐயா தாளை வாங்கினார். ‘நன்றி! நன்றி! எங்கள் தெருவில் நிரந்தரக் குளம் வெட்டித் தந்து, கொசுக்குலத்தின் வாழ்வில் ஒளியேற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிய மக்கள் தொண்டருக்கு நெஞ்சார்ந்த நன்றி. இவண், தெருவாசிகள்.’ மஞ்சள் தாளில் சிவப்பு மை.

விடிவதற்குள் ஒட்டினார்கள். பத்து மணிக்குப் பிரமுகரின் ஆள் ஒருவர் ஒரு சுவரொட்டியை ஈரத்தோடு கிழித்துக் கையில் பிடித்தபடி வந்தார். முதலாளிக்கு வியர்த்தது. “என்னய்யா இது?” “நன்றி நோட்டீசுங்க.” “யாரைக் கேட்டு அடிச்சே?” “இதுல எந்த வார்த்தைங்க தப்பு? சொல்லுங்க, எடுத்துர்றேன்.” அந்த ஆள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நன்றியில் தப்பில்லை. தொண்டரில் தப்பில்லை. குளத்தில் கை வைத்தால், அது குளமில்லை பள்ளம் என்று அவரே சொல்ல வேண்டும். சுவரொட்டியைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே தெருவில் லாரி மண் கொட்டினார்கள்.

அன்று சாயங்காலம் புலவர் ஐயா ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதையைச் சொன்னார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமான் மேல் படையெடுக்கத் துடித்த தொண்டைமான், தன் படைக்கலக் கொட்டிலை ஔவைக்குச் சுற்றிக் காட்டுகிறான். ஔவை புகழ்கிறார்: உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசிப் பளபளவென்று பத்திரமாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஒரு வசைச்சொல் கிடையாது. ஆனால் கேட்கிறவனுக்கு, சண்டைக்கே போகாத ஆயுதம் யாருடையது என்று புரிந்துவிடும். வஞ்சப் புகழ்ச்சி. வள்ளுவர் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவருக்குச் சமம் என்று உயர்த்தி, இருவரும் மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று முடிப்பதும் இதே ரகம். ஆனால் வள்ளுவருக்கு எதிரில் எந்தக் கயவனும் வாளோடு நிற்கவில்லை. ஔவைக்கு எதிரில் நின்றான். அதனால் எனக்கு ஔவையின் பாட்டே உசத்தி.

பாட்டுப் புத்தகத்தில் வருகிற அணிகளிலே என்னை மிகவும் உலுக்கியது, இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிற தற்குறிப்பேற்றம். தேர்தல் சமயம், பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொடி. புலவர் ஐயா, “கொடி ஆடுதே, என்ன சொல்லுது?” என்று கேட்டார். காற்றடிக்கிறது, வேறென்ன என்றேன். அவர் சிலப்பதிகாரத்தை எடுத்தார். கோவலனும் கண்ணகியும் வையையைப் புணையில் கடந்து மதுரைக் கோட்டையை நெருங்கும்போது, மதில்மேல் கொடிகள் கையை அசைத்து ‘வராதீர்கள்’ என்று மறித்ததாக இளங்கோ பாடுகிறார். வையையும் பூவைப் போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டதாம். விசுவாமித்திரன் பின்னால் இராமன் மிதிலைக்கு வரும்போது அந்த ஊர்க் கொடிகள் ‘சீக்கிரம் வா’ என்று அழைத்ததாகக் கம்பர் பாடுகிறார். இரண்டு இடத்திலும் துணி அதே துணி, காற்று அதே காற்று. கோவலனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்; இராமனுக்குத் தெரியாததும் நமக்குத் தெரியும். கதையில் யாரும் வாய்திறந்து சொல்ல முடியாததைக் கொடியை வைத்து நம் காதில் போடுகிறார்கள். மேலூரிலிருந்து மதுரை பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். சிறுவயதிலிருந்து போய்வந்த ஊர்தான். அதற்குப் பிறகு அந்த ஊருக்குள் நுழையும்போது ஏதாவது கொடி கண்ணில் பட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

சிலேடையை எனக்குக் கற்பித்தது நாடகம். கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமண நோட்டீஸ் எங்களிடம்தான் அடிப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம், ஆனால் தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் நடிகர்கள் சொந்தச் சரக்கை இறக்குவார்கள். நள்ளிரவு தாண்டியிருக்கும், ஜனம் அசையாது. ஒருமுறை நாரதர், “ஆறு எங்கே அம்மா?” என்று கேட்டார். வள்ளி, “குளிக்கிற ஆறா, எண்ணுகிற ஆறா, நடக்கிற ஆறா?” என்றார். நாரதர் விடவில்லை. “எண்ணினால் முகம் ஆறு, நினைத்தால் நெஞ்சம் குளிரும் ஆறு, நீ போய்ச் சேர வேண்டிய ஆறும் அதுதான்.” மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரு நொடி தாமதித்து ஆர்ப்பரித்தது. அந்த ஒரு நொடிதான் சிலேடை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் வைத்த காளமேகத்தை உரையோடு படிக்கும்போது அந்த நொடி கிடைப்பதில்லை. உரையாசிரியர் முந்திக்கொண்டுவிடுகிறார்.

புலவர் ஐயா எனக்கு இரவல் தந்த புத்தகங்களில் குறுந்தொகையும் ஒன்று. உ.வே.சா. பதிப்பு, 1937-இல் வந்தது. அதில் பாட்டை விடப் பாடியவர் பெயர்களைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். இவர்களின் சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள், அவரவர் பாட்டில் இருந்த சொல்லோவியத்தையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலும் உவமை. நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கிற பழங்கயிறு தன் உடம்பு என்று பாடியதற்காக.

ஓரேருழவனார் பாட்டை ஐயா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, காதணி விழாப் பத்திரிகைக்காகக் காத்திருந்த ஒரு சம்சாரி கேட்டுக்கொண்டிருந்தார். தலைவியின் ஊர் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச்சேரத் தலைவன் நெஞ்சு பரபரக்கிறது, ஈரம்பட்ட பெரிய நிலத்துக்கு ஒற்றை ஏர் மட்டும் வைத்திருக்கிற உழவனின் பரபரப்பு அது. சம்சாரி குறுக்கே புகுந்தார். “ஒத்தை ஏரா? ஈரம் ரெண்டு நாளைக்குத்தானய்யா நிக்கும். அந்தாளு அன்னிக்குச் சோறு தின்னுருக்க மாட்டான்.” புலவர் ஐயா என்னைப் பார்த்து, இதற்கு மேல் உரை வேண்டுமா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

அவர் எழுதிய நூற்றுக்கணக்கான வாழ்த்துப்பாக்களில் ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. கீழே ‘அன்பு நண்பர்கள்’ என்று இருக்கும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும். போடலாமே ஐயா என்று அண்ணன் ஒருதரம் கேட்டதற்கு, கல்யாணம் அவுங்களுக்கு, பாட்டு அவுங்க பாட்டு என்று சொல்லிவிட்டார். அவர் காலமானபோது நான் கல்லூரியில் வெளியூரில் இருந்தேன். பிறகு ஆஃப்செட் வந்தது, கேஸ்களோடு ஈய எழுத்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார் முதலாளி. இப்போது அதே சந்தில் ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. ‘சாய்ந்தது ஆலமரம்’ கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. யார் செத்தாலும் படத்தை மட்டும் மாற்றினால் போதும். ‘வ’ தீர்வதே இல்லை என்பதால் இன மோனைக்கும் அங்கே வேலை இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுகிற தாள்களையும் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் 1994-லிருந்து சென்னையில் இயங்குகிறது. அணி இலக்கணத்துக்கு உதாரணம் தேடுகிற தமிழாசிரியர்கள் தண்டியலங்காரத்து மேற்கோள் பாட்டுகளோடு நிற்காமல், இந்தத் தாள்களையும் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாழ்த்துமடல் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்தவர் யாரென்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால், பின்பக்கம் பென்சிலால் அவர் பெயரை எழுதிவையுங்கள்.